சொல் கேளாப் பிள்ளைகள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் புதுவைத் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் யாம் பேசவேண்டுமெனச் செயலாளரவர்கள் கேட்டுக்கொண்டபொழுது, சிலப்பதிகாரத்தையோ திருக்குறளையோ பற்றிச் சில சொல்லுவேம் என்று எண்ணியிருத்தல் கூடும். தமிழாசிரியன் வேறென்ன பேசுவான்? ஆயினும் சில திங்களாக நம்மவர் இல்லங்களில் எம் காதிற்பட்டுவரும் ஒரு குறை நெஞ்சை விட்டு நீங்காதிருத்தலின், அதனையே பொருளாக எடுத்துக்கொண்டோம். பிழை காணின் பெரியோர் பொறுத்தருள்க.

அக்குறையாவது, "சொன்ன சொல் கேட்கமாட்டேன் என்கிறானே" என்பது. இதனைச் சொல்லாத பெற்றோர் உலகில் இலர். அவரெல்லாரையும் பற்றியதன்று எம் பேச்சு. அறிவு வளர்ச்சி பிற்பட்ட பிள்ளை, ஆட்டிசம் என வழங்கும் நிலையுடைய பிள்ளை, ஓரிடத்தில் அமரவொண்ணாத துடிப்புடைய பிள்ளை, எழுத்துக் கூட்ட இயலாது தடுமாறும் பிள்ளை ஆகிய இவர்களைப் பெற்றவர் இவ்வாக்கியத்தைச் சொல்லுங்கால் குரல் தாழ்ந்துவிடுகின்றது. உறவினர் திருமணத்திற்கு அத்தாய்மார் வருவதில்லை. வந்தாலும் முகூர்த்தம் முடியுமுன் புறப்பட்டுவிடுகின்றனர். 'பிள்ளையை அடக்கத் தெரியாதவள்' என்று பந்தியில் ஒருவர் சொன்ன சொல்லை இரண்டாண்டு கழித்தும் மறவாத ஒரு தாயை யாம் அறிவோம். சொன்னவர் மறந்திருப்பார்.

எம் தொழிலுக்குரிய நூலினின்றே தொடங்குவாம். நன்னூலார் பொதுப்பாயிரத்துள் ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இலக்கணம் வகுத்தனர். மாணாக்கரை அன்னம், ஆ எனவும், மண், கிளி எனவும், இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி எனவும் தலை இடை கடையாகப் பகுத்தது நம்மிற் பலர் பள்ளியிற் பாடஞ் செய்ததே. அவ்வளவில் நில்லாது, மாணாக்கராதற்கே உரியரல்லர் என ஒரு கூட்டத்தாரையும் அவர் விலக்கியுள்ளார். கள்ளுண்பவன், கள்வன் முதலாயினாரோடு பிணியாளனும், பிணங்குபவனும், மந்த புத்தியுடையவனும் அவ்வரிசையில் நிற்கின்றனர். பவணந்தியாரைக் குறைகூற யாம் துணியேம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் ஆசானொருவர் தம் காலத்திற்கு வகுத்த வரையறை அது. இன்றும் ஒரு தலைமையாசிரியர், 'இப்பிள்ளைக்கு எங்கள் பள்ளி ஒத்துவராது, வேறிடம் பாருங்கள்' என்று இனிமையாகச் சொல்லியனுப்புங்கால், நன்னூலைக் கண்ணாற் காணாமலே அதன்வழி ஒழுகுகின்றார் என்க.

2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுள்ள பிள்ளைகள் அனைவர்க்கும் பள்ளியை உரிமையாக்கியது. அதன் 17ஆம் பிரிவு, பிள்ளையை அடித்தலையும் உள்ளம் நோகச் செய்தலையும் ஒருங்கே விலக்கியது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டமோ, 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழாகக் கொண்ட குறைபாட்டு வகைகளை 21 ஆக்கி, ஆட்டிசத்தையும் கற்றற் குறைபாட்டையும் அவற்றுட் சேர்த்தது; நூற்றுக்கு 40 அளவேனும் குறைபாடு உண்டெனச் சான்று பெற்ற பிள்ளைகட்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி தருக என்றது. இவ்வாறு கதவு திறந்தது. உள்ளே வந்த பிள்ளை மேசைக்கடியிற் படுத்துக்கொண்டு எழமாட்டேன் என்றால் யாது செய்வது என்பதைச் சட்டம் கூறவில்லை. அது சட்டத்தின் வேலையும் அன்று. திண்ணைப் பள்ளிக்கூட நாளில் இவ்வினா எழுந்ததேயில்லை. கோதண்டம் இருந்தது, சட்டாம்பிள்ளை இருந்தான், விடை ஆயத்தமாக இருந்தது.

'கேள்' என்னும் வினையை நோக்குக. செவியாற் கேட்டல், வினாவுதல், கீழ்ப்படிதல் என மூன்று பொருளும் அதற்குத் தமிழில் உண்டு. 'சொல் கேளாதவன்' என்று நாம் முடிவு கட்டுமுன், முதற்பொருளிற் கேட்கின்றானா என்று பார்த்தல் வேண்டாவா? டவுன் சிண்ட்ரோம் என்னும் நிலையுடைய பிள்ளைகட்கு நடுச்செவியில் நீர் தேங்குதல் மிகுதி. அந்நாளில் அவர்க்கு நம் குரல் சுவருக்கு அப்பாலிருந்து வருவது போன்றிருக்கும். வலிப்பு நோயுள் ஒருவகை உளது; உடல் வெட்டாது, பிள்ளை கீழே விழாது, சில நொடி கண் நிலைகுத்தி நிற்கும், அவ்வளவே. அந்நொடிகளில் ஆசிரியர் சொன்னது அவனைச் சேர்வதில்லை. வகுப்பிலோ அதற்குப் பெயர் கவனக்குறைவு. பேச்சு வாராத பிள்ளைக்குப் பல்வலி வந்தால் எங்ஙனம் சொல்லும்? நான்கு நாள் மலம் கழியாத பிள்ளை ஐந்தாம் நாள் தட்டைத் தூக்கி எறிந்தால் அது பிடிவாதமா? நேற்றுவரை இணங்கியிருந்த பிள்ளை இன்று திடீரென மாறினால், முதலிற் செல்லவேண்டியது வைத்தியரிடம். மந்திரிப்பவரிடம் செல்வோர் வைத்தியரைக் கண்டபின் செல்க. அதில் எமக்கு வழக்கில்லை.

இனி நம் ஏவலின் இலக்கணத்தைச் சிறிது ஆராய்வாம். இஃது எமக்கு உவப்பான பகுதி. காலையில் ஒரு தாய், "எழுந்து பல் தேய்த்துக் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு சாப்பிட வா" என்கின்றார். வினையெச்சங்கள் பல தொடர்ந்து வந்து, இறுதியில் நின்ற 'வா' என்னும் ஏவல் முற்றோடு முடிந்தன. இலக்கணத்திற் குற்றமில்லை. பிள்ளையின் நினைவில் தங்கியதோ 'வா' ஒன்றே. படுக்கையினின்றும் அப்படியே எழுந்து வந்து தட்டின்முன் அமர்கின்றான். 'சொன்னதில் ஒன்றையும் செய்வதில்லை' என்று வசையும் பெறுகின்றான். இத்தகைய பிள்ளைக்கு ஒரு வாக்கியத்தில் ஒரு வினையே போதும். அது முடிந்தபின் அடுத்தது. சொன்னபின் மனத்துள் பத்து எண்ணுமளவு வாய்மூடிக் காத்திருத்தலும் வேண்டும். சொல் உட்சென்று பொருளாகிக் கை அசைவதற்குச் சிலர்க்கு அத்துணை நேரம் ஆகின்றது. ஐந்து எண்ணுமுன் நாம் மறுபடியும் கூவினால், அப்பிள்ளை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதாகும்.

எதிர்மறை ஏவலைப் பாருங்கள். 'ஓடாதே' என்பதிற் பகுதி முன்னும் எதிர்மறை பின்னும் நிற்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளையின் செவியில் முன்னர் விழுவது ஓடுதலே. 'நட' என்று சொல்லிப் பாருங்கள். 'தொடாதே' என்பதனினும் 'கையை மடியில் வை' என்பது நன்று. செய்யத்தகாததை மட்டும் சொல்லிச் செய்யவேண்டியதைச் சொல்லாது விட்டால், அதனைப் பிள்ளையே ஊகித்தல் வேண்டும். வினாவால் ஏவுதல் மற்றொன்று. 'கிளம்பலாமா?' என்கின்றோம், 'வேண்டாம்' என்கின்றான். வினாவிற்கு விடை இறுத்தான். எதிர்த்துப் பேசினான் என்று நாம் சினக்கின்றோம். கிளம்பித்தான் ஆகவேண்டுமெனில் அங்கே வினா எதற்கு? 'நீலச் சட்டையா, வெள்ளைச் சட்டையா?' என்று கேளுங்கள். அது மெய்யான வினா. அவனுக்கும் ஒரு காரியத்தில் அதிகாரம் கிடைக்கின்றது, சட்டையும் மேலேறுகின்றது.

யாவற்றினும் கொடியது நம் குறிப்புமொழி. "எங்கே, இன்னொரு தரம் எறி பார்க்கலாம்!" என்று அச்சுறுத்துகின்றோம். எறியாதே என்பது குறிப்பு. வெளிப்படை, குறிப்பு என்னும் இரண்டனுள் வெளிப்படையையே கொள்ளும் இயல்புடைய ஆட்டிசப் பிள்ளை என்ன செய்வான்? எறிகின்றான். இட்ட ஏவலை எழுத்துப் பிசகாது நிறைவேற்றியதற்காக அடி வாங்குகின்றான்! 'ஏறு பார்க்கலாம்', 'இன்னும் கொஞ்சம் அழு' என்னும் இவ்வகைப் பேச்சை ஒரே மாலையில் எம் தெருவின் ஒரு திண்ணையிலிருந்தே ஏழு முறை எண்ணினோம். எண்ணிய எம்மை அவ்வீட்டார் ஐயத்தோடு நோக்கினர்.

சொல்லைக் காட்டிலும் படம் இவர்கட்கு உதவும். பல்துலக்கும் குச்சி, குவளை, சட்டை, தட்டு என நான்கு படங்களைப் பென்சிலால் வரைந்து சுவரில் ஒட்டி, ஒவ்வொன்று முடிந்ததும் பிள்ளையே அதனைப் பெயர்த்தெடுக்கச் செய்க. படம் கோபிப்பதில்லை, குரல் உயர்த்துவதுமில்லை. புதுவை இல்லங்களிற் பாட்டனார் பிரெஞ்சிலும், தாயார் தமிழிலும், பள்ளியார் ஆங்கிலத்திலும் பேசுதல் உண்டு. மொழி பலவாதல் தீங்கன்று. ஆயினும் அன்றாட ஏவல்கட்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு சொல்லை மாற்றி மாற்றி வழங்காதிருத்தல் நலம்.

நிற்க. மணக்குள விநாயகர் கோயில் யானை இலட்சுமி 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் காலை நடைப்பயிற்சியின்போது வீழ்ந்து இறந்ததும், நகரமே திரண்டு வழியனுப்பியதும் நாம் அறிந்தன. நாள்தோறும் அவ்வழியே பள்ளி சென்ற பிள்ளையொருவன், பெயர் வேண்டா, அதன்பின் பல நாள் தெருமுனையில் மண்ணிற் படுத்துக்கொண்டு ஓரடியும் நகரமாட்டேன் என்றான். பள்ளிக்கு மட்டம் போடுகின்றான் என்றார் தந்தையார். இரண்டு நாள் தூக்கிச் சென்றார். மூன்றாம் நாள் கடித்துவிட்டான். அப்பிள்ளைக்கு வீடு, யானை, பள்ளி என்பதே வரிசை. நடுவில் உள்ளது இல்லையாயின் அடுத்தது எங்ஙனம் வரும்? அவன் பாட்டியார்தாம் இதனை உணர்ந்தனர். இலட்சுமியின் நிழற்படம் ஒன்றை வாசற்புறத்துச் சுவரில் மாட்டி, புறப்படுமுன் அதன்முன் ஒரு பிடி அருகம்புல் வைக்கச் செய்து, வேறு தெரு வழியே அழைத்துச் சென்றனர். முதலிரண்டு நாள் அழுதான்; பின்னர் நடந்தான். எக்கல்லூரியும் அம்மூதாட்டிக்கு இதனைக் கற்பிக்கவில்லை.

ஒலியும் இவ்வகையினதே. ஜூலை 14ஆம் நாள் கடற்கரையில் வாணவேடிக்கை நிகழுங்கால் நமக்கு விழா. சில பிள்ளைகட்குக் காதில் ஊசி ஏற்றுவது. அங்கே ஓடுகின்ற பிள்ளை கீழ்ப்படியாமையால் ஓடவில்லை.

நோயுமில்லை, அச்சமுமில்லை, சொல்லும் விளங்கிற்று. அப்பொழுதும் மறுக்கின்றான் என்றால், அம்மறுப்பால் அவன் பெறுவது யாது என ஆராய்தல் வேண்டும். கணக்கு நோட்டைக் கிழித்தவனை வகுப்பிற்கு வெளியே நிறுத்துகின்றோம், கணக்கினின்றும் தப்பினான். நாளையும் கிழிப்பான். அமெரிக்க நாட்டு அறிஞர் எட்வர்டு கார், மார்க் டுராண்டு என்னும் இருவர் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையிற் பெரிதும் பேசப்படுவது. முரண்டு செய்த பிள்ளைகளுள், பாடம் கடினமாகியபொழுது முரண்டியவர் யார், பெரியோர் தம்மைக் கவனியாதபொழுது முரண்டியவர் யார் எனப் பிரித்தறிந்தனர். முன்னவர்க்கு 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லவும், பின்னவர்க்கு 'நான் நன்றாகச் செய்கிறேனா?' என்று கேட்கவும் கற்பித்தனர். அவரவர்க்கு உரிய வாக்கியம் கிடைத்தபின் முரண்டு குறைந்தது. மாற்றிக் கொடுத்தபொழுது பயன்படவில்லை. பேச இயலாத பிள்ளைக்கு ஒரு சைகையோ ஓர் அட்டையோ போதும். 'சற்றே ஓய்வு' என்னும் பொருளுடைய சிவப்பு அட்டையை நீட்டும் பிள்ளைக்கு இரண்டு நிமிடம் ஓய்வு கொடுத்தால், நோட்டைக் கிழிக்கும் வேலை அவனுக்கு எதற்கு?

கைப்பேசியைப் பற்றிக் கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் காந்தி வீதிச் சந்தையில் நடுவழியிற் புரண்டு அழும் பிள்ளைக்கு, பார்ப்பவர் கண்ணுக்கு அஞ்சிக் கைப்பேசியைக் கையிற் கொடுத்துவிடுகின்றோம். அழுகை நிற்கின்றது. அழுதால் கிடைக்கும் என்று பிள்ளையும், கொடுத்தால் நிற்கும் என்று நாமும் ஒருவர்க்கொருவர் பாடம் கற்பித்துக்கொண்டோம். இதனை நிறுத்தத் துணிவோர் ஒன்றறிக. கொடாது நிறுத்திய முதல் சில நாளில் அழுகை குறையாது, மிகும். நேற்றுவரை திறந்த கதவு இன்று திறவாவிடில் நாமே ஓங்கித் தட்டமாட்டோமா? அம்மிகுதியைக் கண்டு நான்காம் நாள் இளகிக் கொடுத்துவிட்டால், நான்கு நாள் அழுதாற் கிடைக்கும் என்பதே பாடமாகிவிடும். ஆதலின் வீட்டார் எல்லாரும் ஒருமனப்படாதவரை இதனைத் தொடங்கவே வேண்டா. அடுக்களையில் மறுத்ததைத் திண்ணையிற் கொடுக்கும் பாட்டனார் இருக்கும் வீட்டில் முதலிற் பாட்டனாரோடு பேசுக. தன்னை அடித்துக்கொள்ளும் பிள்ளையாயின் பயிற்சி பெற்றவர் துணையின்றி இதில் இறங்கலாகாது.

அடித்தால் நிற்கின்றதே என்பார்க்கு, இவ்வூரை நூற்றாண்டுக் கணக்கில் ஆண்ட பிரெஞ்சு நாட்டின் செய்தி ஒன்றைக் கூறுவாம். 1800ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவேரோன் நாட்டுக் காட்டுப்புறத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் பிடிபட்டான், பேச்சில்லை, ஆடையில்லை. பாரிசிற் புகழ்பெற்ற வைத்தியராகிய பினேல் என்பார் இவன் தீராத மந்தன் என்று கைவிட்டார். இத்தார் என்னும் இளைய வைத்தியர் அவனை ஏற்று, விக்தோர் எனப் பெயரிட்டு, கெரேன் அம்மையார் என்னும் செவிலியின் துணையோடு ஐந்தாண்டு பயிற்றினார். பாடம் கடினமாகும்போதெல்லாம் விக்தோர் அட்டைகளை எறிந்து, தரையிற் புரண்டு, போர்வையைக் கடிப்பான். ஒருநாள் இத்தார் பொறுமை இழந்தார். பையன் உயரத்திற்கு அஞ்சுபவன் என்பது அவருக்குத் தெரியும். மாடிச் சன்னலைத் திறந்து, அவனை இடுப்பிற் பற்றித் தலைகீழாக வெளியே நீட்டினார். உள்ளே இழுத்தபொழுது பிள்ளை வெளிறி வியர்த்து நடுங்கினான். அட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்தான். பின்னர்ப் படுக்கையில் விழுந்து தேம்பி அழுதான். தம் அறிக்கையில் இதனை இத்தாரே எழுதி வைத்துள்ளார். அட்டை அடுக்கப்பட்டது உண்மையே. அடித்தால் நிற்கின்றது என்பாரின் வெற்றியும் இவ்வகையினதே.

அவரே 1806ஆம் ஆண்டில் அளித்த இரண்டாம் அறிக்கையில் வேறொன்று எழுதினார். விக்தோருக்கு நியாய உணர்வு உண்டா என அறிய விரும்பி, பாடத்தைச் செவ்வனே செய்து முடித்த ஒருநாளில், பாராட்டவேண்டியவனைத் தவறு செய்தவனைப் போல் இருட்டறைக்கு இழுத்துச் சென்றார். மற்றைய நாளில் தண்டனைக்கு உடன்பட்ட பையன் அன்று முழுவலிமையோடும் எதிர்த்து, ஆசானின் கையைக் கடித்தான். கடிபட்ட இத்தார் மகிழ்ந்தார். நியாயம் இன்னது அநியாயம் இன்னது என்று இவன் அறிந்துகொண்டான் என்பதற்கு அப்பற்குறியையே சான்றாகக் கொண்டார். அச்சோதனையை யாம் மெச்சவில்லை. சோதனைக்காகவும் பிள்ளையை வஞ்சித்தல் தகாது. ஆயினும் கீழ்ப்படியாமை ஒன்றைக் கண்டு அதனுட் பொருள் தேடிய ஆசான் அவர் என்பதை மறுத்தற்கில்லை. விக்தோர் 1828ஆம் ஆண்டில், கெரேன் அம்மையாரின் பராமரிப்பிலேயே இறந்தான். இத்தாரின் மாணவர் செகேன். அவ்விருவர் நூல்களையும் கற்றுத் தம் முறையை வகுத்தவர் மாண்டிசோரி அம்மையார். அவ்வம்மையார் 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் நாட்டு ஆசிரியர்க்குப் பயிற்சி தந்தனர். இன்று குழந்தைகள் பள்ளிகளிற் காணும் மர அச்சுகளும் உரசித் தடவும் எழுத்துகளும், மந்தர் எனத் தள்ளப்பட்ட பிள்ளைகளுக்காகப் பிறந்த கருவிகளின் வழிவந்தவை.

பிணித்து வைத்தலைப் பற்றியும் ஒரு சொல். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் தீப்பற்றியபொழுது, மனநோயாளர் 28 பேர் சங்கிலியாற் கட்டுண்டிருந்தமையால் ஓடவியலாது மாண்டனர். பிள்ளையை அறையிற் பூட்டிவிட்டுக் கடைத்தெருவிற்குச் செல்வோர் இதனை நினைக்க.

தாய்மார்களே, மிக முக்கியமானது இனிச் சொல்வது. எதைச் சொன்னாலும் யார் சொன்னாலும் மறுபேச்சின்றிச் செய்யும் பிள்ளையை நாம் 'தங்கமான பிள்ளை' என்கின்றோம். அறிவு வளர்ச்சி குன்றிய பெண்மகவு ஒன்று, பெரியவர் யாவர்க்கும் கீழ்ப்படியவே பழக்கப்பட்டிருந்தால், தீய எண்ணமுடையவன் ஒருவன் 'இங்கே வா, யாரிடமும் சொல்லாதே' என்னும்பொழுது என்ன செய்யும்? பிள்ளைகளைப் பாலியற் கொடுமையினின்றும் காக்க 2012ஆம் ஆண்டிற் சட்டம் வந்தது. குற்றம் நிகழ்ந்தபின் வரும் காவல் அது. முன்னே நிற்கக்கூடியது அப்பிள்ளையின் வாயினின்றும் எழும் 'மாட்டேன்' ஒன்றே. அச்சொல்லைப் பத்தாண்டு அடித்து அடித்து அழித்துவிட்டு, வேண்டிய நாளில் அது வருமென எதிர்பார்த்தல் எங்ஙனம்? ஆதலின், கூந்தல் வாருதல், கன்னத்தைக் கிள்ளுதல், மாமனுக்கு முத்தம் கொடுத்தல் முதலியவற்றில் பிள்ளை மறுத்தால் மறுத்ததாகவே விட்டுவிடுக. சாலையைக் கடத்தல், அடுப்பு, மருந்து இவற்றில் மட்டும் நம் சொல்லே நிலைக்கட்டும். மாமன்மார் வருந்தமாட்டார்கள், வருந்தினாலும் ஆறிவிடும்.

தாயைப் பழித்தலை நம்மவர் விடவேண்டும். நெருங்கிய உறவில் மணத்தல் சிலவகைப் பிறவிக் குறைகட்கு வாய்ப்பை மிகுவிப்பது உண்மை. அதனைச் செய்துவைத்த பெரியோர் கூடத்தில் அமர்ந்துகொண்டு, பெற்றவளை மட்டும் அடுக்களையில் அழவிடுதல் எம்முறையோ அறியோம். உறவில் மணவாத இல்லங்களிலும் இத்தகைய பிள்ளைகள் பிறக்கின்றனர்.

உதவி தொலைவில் இல்லை. நம் நகரிலேயே ஜிப்மர் மருத்துவமனை உளது; 2003ஆம் ஆண்டில் தொடங்கிய சத்யா சிறப்புப் பள்ளி உளது; கடற்கரைச் சாலைவழியே சென்னை செல்லும்போது முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உடையார்க்கென 2005ஆம் ஆண்டில் மைய அரசு நிறுவிய தேசிய நிறுவனம் உளது. சான்றிதழ் பெறுதற்கு வெட்கப்பட்டு உதவித்தொகையையும் தேர்வுச் சலுகையையும் இழப்போர் நம்முள் உளர்.

சங்கத்தாரிடம் எம் விண்ணப்பம் இரண்டே. ஆண்டுதோறும் முதல் மதிப்பெண் பெற்றார்க்கு வழங்கும் கல்வி நிதியில் ஒரு பங்கை, பேச்சுப் பயிற்சிக்கும் கைத்தொழிற் பயிற்சிக்கும் செல்லும் பிள்ளைகளின் வழிச்செலவுக்கு ஒதுக்குக. மற்றொன்று செலவில்லாதது. நம் திருமண மண்டபத்தின் பின்கட்டில் பழைய பாய்களும் உடைந்த நாற்காலிகளும் அடைந்துகிடக்கும் அறை ஒன்று உண்டு. அதற்குள் ஒலிபெருக்கியின் ஓசை எட்டுவதில்லை. யாம் நேற்று உள்ளே நின்று பார்த்தோம். அதனைத் துப்புரவாக்கி, ஒரு பாயும் மின்விசிறியும் வைத்து, நாதசுரம் உச்சத்தில் ஒலிக்கையில் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையைத் தாய் அழைத்துச் சென்று சற்று இருத்துதற்கு விட்டுவிடுக. தை மாதத்து முதல் முகூர்த்தத்திற்குள் அது முடியுமாயின், மூன்றாண்டாக எக்கலியாணத்திற்கும் வாராத இரு குடும்பத்தார் வருவதாகச் சொல்லியுள்ளனர். சாவி செயலாளரவர்களிடம் உளது.